வாசிக்கத் தெரியாதவர் செய்த வாத்தியம்



ஆண்டு மலருக்கு ஒரு சாதனையாளரின் வாழ்க்கையை எழுதிக் கொடுடா என்று மலர்க்குழு அண்ணன் கேட்டார். கலாம், காமராஜர், எடிசன் மூவரையும் ஏற்கெனவே மூன்று பேர் எடுத்துக்கொண்டார்களாம். நான் லியோ ஃபெண்டர் என்றேன். யார் அது, கிரிக்கெட் பிளேயரா என்றார். இல்லண்ணா, ரேடியோ ரிப்பேர்காரர் என்றேன். அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் எழுதச் சொல்லிவிட்டார். அவருக்கு என் முதல் நன்றி.

இந்த ரிப்பேர்காரரிடம் நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் விடுதியில் என் பக்கத்து அறையில் மூன்று நண்பர்கள் இருக்கிறார்கள். மூவருக்கும் ஹெவி மெட்டல் இசைதான் உயிர். சாயங்காலம் ஆனால் போதும், அயர்ன் மெய்டன், பிளாக் சப்பாத், மெட்டாலிக்கா என்று பேச்சு ஆரம்பித்துவிடும். அந்தப் பேச்சில் பாதி பாட்டு, மீதிப் பாதி கம்ப்யூட்டர் புலம்பல். எந்த ஆல்பத்தில் டிரம்ஸ் பிரமாதம் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருத்தன் சிஸ்டம் மறுபடி ஹேங் ஆயிடுச்சுடா என்பான். இன்னொருத்தன் ஃபேன் ராத்திரி முழுக்கக் கத்துது என்பான். பாட்டு வைத்திருந்த பென் டிரைவில் வைரஸ் புகுந்த கதையும் வரும். அப்போதுதான் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய் கேபினெட்டைத் திறந்து, ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் துடைத்து மறுபடி மாட்டுவேன். பீப் சத்தம் நின்று திரை வந்துவிடும். தேங்க்ஸ் மாப்ள என்று சொல்லிவிட்டு அவர்கள் இசைப் பேச்சுக்குத் திரும்பிவிடுவார்கள். நான் மூலையில் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் நானும் ஏதாவது பேச வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பாட்டு முழு வால்யூமில் ஓடிக்கொண்டிருந்தது. கிட்டார் சத்தம் கரகரவென்று இரும்பை அரத்தால் ராவுகிற மாதிரி கேட்டது. உண்மையிலேயே சந்தேகம் வந்து, ஸ்பீக்கரில் கோன் கிழிஞ்சிருக்கா, இல்ல ஆம்ப்ளிஃபயர் ஓவர்லோடு ஆகுதா என்று கேட்டுவிட்டேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த ஒரு வாரத்துக்கு விடுதியில் என் பெயரே கிழிஞ்ச கோன் ஆகிவிட்டது.

சாதாரணக் கேலிதான். ஆனால் எனக்கு வலித்தது. காரணம் இருக்கிறது. என் அப்பா எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மிக்சி, ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்ததே அந்தக் கடையிலிருந்து தப்பிக்கத்தான் என்று மனசுக்குள் வைத்திருந்தேன். விடுதி விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் வியாபாரம் என்று எழுதினேன். இங்கே வந்தும் நான் செய்வது ரிப்பேர்தானா, பேசினால் வருவதும் ரிப்பேர் பேச்சுதானா என்று இருந்தது. அதே சமயம் மூன்றாம் செமஸ்டரில் எலக்ட்ரானிக் சர்க்யூட்ஸ் பாடத்தில் அரியர் வேறு விழுந்திருந்தது. பேசாமல் ஊருக்கே போய்விடலாமா என்று கூட நினைத்தேன்.

அந்த அறைச் சுவரில் ஒரு கிட்டார் படம் ஒட்டியிருந்தார்கள். இது என்ன கிட்டார் என்று கேட்டேன். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்றார்கள். அதை வாசித்தவர்கள் பெயரை வரிசையாகச் சொன்னார்கள். செய்தது யார் என்று கேட்டேன். மூவருக்கும் தெரியவில்லை. அன்று ராத்திரி தேட ஆரம்பித்தேன். தேடத் தேட எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஆரஞ்சுத் தோட்டத்துப் பையன்

கிளாரன்ஸ் லியோனிடஸ் ஃபெண்டர் 1909 ஆகஸ்ட் 10 அன்று பிறந்தார். ஊர், அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியாவில் அனஹைம், ஃபுல்லர்ட்டன் என்ற இரண்டு சின்ன ஊர்களுக்கு நடுவே. அப்பா அம்மா ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த விவசாயிகள். சிறுவயதிலேயே கட்டி வந்து இடது கண்ணை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அந்த இடத்தில் கண்ணாடிக் கண்தான்.

அவருடைய மாமா ஒருவர் சாண்டா மரியா என்ற ஊரில் கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் கடை வைத்திருந்தார். லியோவுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும்போது அந்த மாமா ஒரு பெட்டி நிறைய பழைய பேட்டரி, ரேடியோ சாமான்களை அனுப்பி வைத்தார். நமக்கெல்லாம் மாமா ஊரிலிருந்து முறுக்கும் அதிரசமும் வரும். அவருக்கு வந்தது ஒயரும் காயிலும். பிறகு அந்தக் கடைக்கே போனபோது, மாமா தன் கையால் செய்து வைத்திருந்த ரேடியோவிலிருந்து பெரிய சத்தத்தில் பாட்டு வந்ததைக் கேட்டார். அந்தச் சத்தம் அவரை விடவே இல்லை. பள்ளியில் படிக்கும்போதே வீட்டில் வைத்து ரேடியோக்களைப் பழுது பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

1928-ல் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு ஃபுல்லர்ட்டன் ஜூனியர் காலேஜில் சேர்ந்தார். அங்கே அவர் படித்தது எலக்ட்ரானிக்ஸ் என்று நினைப்பீர்கள். இல்லை. கணக்குப்பதிவியல்! எலக்ட்ரானிக்ஸை எந்தக் கல்லூரியிலும் அவர் முறையாகப் படிக்கவில்லை. கழற்றிப் பார்த்து, மாட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். பியானோவும் சாக்ஸபோனும் கொஞ்ச நாள் பழகினார். கிட்டார் வாசிக்க மட்டும் கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது.

வேலை போனது, கடை வந்தது

படிப்பு முடிந்ததும் ஐஸ் கம்பெனி ஒன்றில் சரக்கு கொண்டுபோய்ப் போடும் வேலை. பிறகு அங்கேயே கணக்கு எழுதும் வேலை. ஒரு இசைக்குழுத் தலைவர் கேட்டுக்கொண்டதற்காக நடன நிகழ்ச்சிகளுக்கு ஒலிபெருக்கி செட் செய்து கொடுத்தது இந்தக் காலத்தில்தான். 1934-ல் எஸ்தர் என்ற பெண்ணை மணந்தார். கலிஃபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் கணக்கர் வேலையும் கிடைத்தது.

ஆனால் 1930-கள் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். அந்த வேலை போயிற்று. அடுத்து டயர் கம்பெனியில் கணக்கு வேலை. ஆறே மாதத்தில் அதுவும் போயிற்று. வயது இருபத்தெட்டு. கல்யாணம் ஆனவர். படித்த படிப்புக்கு வேலை இல்லை. நம்மில் பல பேர் வீட்டில் நடப்பதுதானே இது.

1938-ல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்ட்டனில் ஒரு கடையைத் திறந்தார். பெயர் ஃபெண்டர் ரேடியோ சர்வீஸ். ரேடியோ ரிப்பேர், இசைத்தட்டு விற்பனை, விசேஷங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது. நம்ம ஊர் சவுண்ட் சர்வீஸ் கடையேதான்.

அந்தக் கடைக்கு அக்கம்பக்கத்து இசைக்கலைஞர்கள் வர ஆரம்பித்தார்கள். கண்ட்ரி இசைக்காரர்கள், மடியில் படுக்கவைத்து வாசிக்கும் ஹவாய் ஸ்டீல் கிட்டார்க்காரர்கள். ஒருத்தருடைய ஆம்ப்ளிஃபயர் உறுமுகிறது, இன்னொருத்தருடைய பிக்-அப் செத்துவிட்டது, மற்றொருவருக்குச் சத்தம் பத்தவில்லை. எல்லாரும் குறை சொல்லத்தான் வந்தார்கள். லியோ அத்தனையையும் காது கொடுத்துக் கேட்டார். எந்தப் பொருள் எந்த இடத்தில் உடைகிறது, எங்கே சால்டர் விட்டுப்போகிறது என்பது ஒரு ரிப்பேர்காரனுக்குத் தெரிகிற மாதிரி செய்கிற கம்பெனிக்குக் கூடத் தெரியாது. அந்த மேசைதான் அவருடைய பாலிடெக்னிக்.

ஊளையிடாத கிட்டார்

இரண்டாம் உலகப்போர் நடந்தபோது கண்ணாடிக் கண் காரணமாக அவரைப் படைக்கு எடுக்கவில்லை. கிட்டார் தெரிந்த டாக் காஃப்மன் என்ற நண்பரோடு சேர்ந்து ஸ்டீல் கிட்டாரும் சின்ன ஆம்ப்ளிஃபயரும் செய்ய ஆரம்பித்தார். 1946-ல், தொழில் நஷ்டமாகிவிடுமோ என்று பயந்து காஃப்மன் விலகிக்கொண்டார். லியோ விடவில்லை. ஃபெண்டர் எலக்ட்ரிக் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி என்ற பெயரில் தனியாகத் தொடர்ந்தார்.

அப்போதைய கிட்டார்களில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. உள்ளே வெற்றிடம் உள்ள பெட்டிக் கிட்டாரில் பிக்-அப் வைத்து ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தால், சத்தம் கூடும்போது ஊளையிடும். கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் கூய்ங் என்று கத்துமே, அதே சங்கதிதான். ஸ்பீக்கரின் சத்தம் பெட்டியை அதிரவைக்கும்; அந்த அதிர்வு மறுபடி ஆம்ப்ளிஃபயருக்குப் போகும்; சுற்றிச் சுற்றிப் பெருகும். பெட்டியே இல்லாமல் கெட்டியான மரப்பலகையில் கிட்டார் செய்தால் இது அடங்கிவிடும். இந்த யோசனை லியோவுக்கு மட்டும் வந்ததல்ல. வேறு சிலரும் அதே காலத்தில் முயன்றுகொண்டிருந்தார்கள். ஆனால் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யக்கூடியதாக, உடைந்தால் சரிபார்க்கக்கூடியதாக அதைச் செய்து காட்டியவர் இவர்.

1950-ல் அது வந்தது. பழைய கிட்டார்களில் கழுத்துப் பகுதியை உடலோடு பசைபோட்டு ஒட்டியிருப்பார்கள். கழுத்து கோணினால் பெரிய வேலை, பெரிய செலவு. லியோ நாலு ஸ்குரூ போட்டு மாட்டினார். கெட்டுப்போனால் கழற்று, வேறு மாட்டு. அவ்வளவுதான்! நாம் ரேமைக் கழற்றி மாட்டுகிறோமே, அதே புத்தி.

கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது போட்டிக் கம்பெனிக்காரர்கள் அதைப் படகுத் துடுப்பு, பனி அள்ளும் மண்வெட்டி என்று கேலி செய்தார்களாம். பெயரிலும் சிக்கல் வந்தது. முதலில் பிராட்காஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். அதே மாதிரி உச்சரிப்பில் எங்கள் டிரம்ஸ் இருக்கிறது என்று கிரெட்ச் கம்பெனி எதிர்த்தது. உடனே கிட்டார்களில் ஒட்டும் பெயர்ச்சீட்டிலிருந்து அந்தச் சொல்லை மட்டும் வெட்டிவிட்டு, பெயரே இல்லாமல் கொஞ்ச நாள் விற்றார்கள். 1951-ல் டெலிகாஸ்டர் என்று புதுப்பெயர் வந்தது. இன்றைக்கும் அந்தப் பெயர்தான்.

லியோ தப்பே செய்யாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். மேப்பிள் மரம் உறுதியானது, கழுத்துக்குள் இரும்புக் கம்பி வைக்கத் தேவையில்லை என்று முதலில் பிடிவாதமாக இருந்தார். விற்பனையைக் கவனித்த டான் ராண்டல் வேண்டாம், வளையும் என்றார். வளைந்தது. லியோ கம்பியை வைத்துவிட்டார். தன் கையால் செய்த பொருளில் தப்பு இருக்கிறது என்று ஒத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பது ஒர்க்‌ஷாப்பில் ஜாப் தேய்த்து அளவு தவறவிட்டவர்களுக்குத் தெரியும்.

கேட்டவர்கள் சொன்னபடி

1951-லேயே இன்னொரு பெரிய காரியம் நடந்தது. அதுவரை பேஸ் வாத்தியம் என்றால் ஆள் உயரத்துக்கு நிறுத்திவைத்து வாசிக்கும் பெரிய வயலின் மாதிரி ஒன்று. தூக்கிப்போக முடியாது, மற்ற வாத்தியச் சத்தத்தில் கேட்காது, விரல் கொஞ்சம் தள்ளி வைத்தாலும் சுருதி விலகும். லியோ அதைக் கிட்டார் மாதிரி தோளில் மாட்டும்படி செய்து, நம் வீணையில் மெட்டுகள் இருப்பது போல உலோகக் கட்டைகளைப் பதித்தார். விரல் எங்கே வைத்தாலும் சுருதி துல்லியம். அதனால்தான் பெயரே பிரிசிஷன் பேஸ். பிளாக் சப்பாத்தின் கீஸர் பட்லரும் அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸும் வாசித்துப் புகழ்பெற்றது இந்த வகை பேஸ்தான்.

டெலிகாஸ்டரை வாசித்தவர்கள் மறுபடி குறை சொன்னார்கள். பலகையின் விளிம்பு விலாவில் குத்துகிறது, முழங்கை உறுத்துகிறது என்றார்கள். வேறு கம்பெனியாக இருந்தால் வாசிக்கிற விதத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கும். லியோவும், ஹவாயில் பிறந்த கிட்டார் கலைஞரான ஃபிரெடி தவாரஸும் அவர்களோடிருந்தவர்களும் பலகையையே உடம்புக்கு ஏற்றபடி வளைத்துச் சீவினார்கள். மூன்று பிக்-அப், சுருதியை ஆட்டிவிடும் ஸ்பிரிங் வைத்த கைப்பிடி எல்லாம் சேர்த்து 1954-ல் வந்ததுதான் ஸ்ட்ராட்டோகாஸ்டர். எங்கள் விடுதிச் சுவரில் ஒட்டியிருந்த அதே படம்!

தனக்கு வாசிக்கத் தெரியாது என்பதால்தான் அவர் கேட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. வாசிக்கத் தெரிந்தவர் தனக்குப் பிடித்த மாதிரி ஒரு கிட்டார் செய்திருப்பார். தெரியாதவர் எல்லாருக்கும் பிடித்த மாதிரி செய்தார். புது மாடலைத் தூக்கிக்கொண்டு பாட்டு நடக்கும் இடங்களுக்கே போய், கலைஞர்கள் கையில் கொடுத்து, என்ன குறை என்று கேட்டு, திரும்பி வந்து மாற்றுவது அவர் வழக்கம்.

தப்பு என்று நினைத்த சத்தம்

இப்போது என் கிழிந்த கோன் விஷயத்துக்கு வருகிறேன்.

லியோ ஆம்ப்ளிஃபயர் செய்தபோது அவர் விரும்பியது சுத்தமான, மணி மாதிரி ஒலி. கரகரப்பு அவருக்கு ஒரு பழுது. ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு எல்லை உண்டு. சப்ளை வோல்டேஜ் அனுமதிக்கும் உயரத்துக்கு மேல் அலை போக முடியாது. வால்யூமை முழுசாகத் திருப்பினால் மலை மாதிரி வட்டமாக வரவேண்டிய அலையின் உச்சி அரிவாளால் சீவியது போலத் தட்டையாகிவிடும். இதைத்தான் நாம் கிளிப்பிங் என்று படிக்கிறோம். உச்சி தட்டையானால் அலையில் இல்லாத புது ஹார்மோனிக்ஸ் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஒலி தடித்துக் கரகரக்கும்; ஒரே ஸ்வரம் நீண்ட நேரம் நிற்கும்.

இளைஞர்களுக்கு அந்தப் பழுதே பிடித்துப்போனது. 1960 வாக்கில் டிக் டேல் என்ற கலிஃபோர்னியாக்காரர் லியோவின் ஆம்ப்ளிஃபயர்களை ஒன்றன் பின் ஒன்றாக எரித்துத் தள்ளினார். அவ்வளவு சத்தம். லியோ கோபிக்கவில்லை. அவர் வாசிக்கும் ஹாலுக்கே போய்க் கூட்டத்துக்கு நடுவே நின்று கேட்டார். இத்தனை பேர் நிறைந்த ஹாலுக்கு இந்தச் சத்தம் வேண்டியதுதான் என்று புரிந்துகொண்டு, பெரிய அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் 15 அங்குல ஸ்பீக்கரும் வைத்துக் கொடுத்தார்.

கடல் தாண்டி லண்டனில் ஜிம் மார்ஷல் என்பவர் டிரம்ஸ் கடை வைத்திருந்தார். கடைக்கு வந்த கிட்டார்க்காரர்கள் அமெரிக்க ஆம்ப்ளிஃபயர் விலை தாங்கவில்லை என்று புலம்பினார்கள். அவரும் காது கொடுத்தார். லியோ செய்த பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபயரின் சர்க்யூட்டை வைத்து, இங்கிலாந்தில் கிடைத்த சாமான்களைப் போட்டு, 1962-ல் மார்ஷல் குழுவினர் தங்கள் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தார்கள். ஹெவி மெட்டல் மேடைகளில் சுவர் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த மார்ஷல் பெட்டிகளின் மூதாதை ஃபுல்லர்ட்டன் ரிப்பேர் கடையில்தான் இருக்கிறது. டீப் பர்ப்பிள் குழுவின் ரிச்சி பிளாக்மோர் லியோவின் ஸ்ட்ராட்டோகாஸ்டரை மார்ஷலில் மாட்டித்தான் அந்த ஒலியைக் கொண்டுவந்தார். பிளாக் சப்பாத்தின் டோனி அயோமி கூட முதல் ஆல்பம் பதிவை ஸ்ட்ராட்டோகாஸ்டரோடுதான் ஆரம்பித்தார். நடுவில் அதன் பிக்-அப் பழுதாகி, வேறு கிட்டாருக்கு மாறினார். ஹெவி மெட்டல் பிறந்த இடத்திலும் ஒரு ரிப்பேர் பிரச்சினைதான்! அவர் பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் விரல் நுனிகளை இழந்த தொழிலாளி என்பதை மெக்கானிக்கல் நண்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இன்னொன்றும் படித்தேன். 1964-ல் கிங்க்ஸ் என்ற இங்கிலாந்துக் குழுவின் டேவ் டேவிஸ், கரகரப்பு வேண்டும் என்பதற்காகவே தன் ஸ்பீக்கர் கோனை பிளேடால் கிழித்தாராம். கிழித்தேவிட்டார், நண்பர்களே! இதைப் படித்தவுடன் ராத்திரி பதினொரு மணிக்குப் பக்கத்து அறைக் கதவைத் தட்டினேன். கோன் கிழிந்திருக்கிறதா, ஆம்ப்ளிஃபயர் ஓவர்லோடு ஆகிறதா என்று நான் கேட்ட இரண்டு கேள்வியும் சரியான கேள்விதான் என்று படித்துக் காட்டினேன். மூவரும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. சர்க்யூட் படம் போட்டுச் சொல்லுடா என்றார்கள். விடியற்காலை வரை பேசினோம்.

விற்றார், ஆனால் ஓயவில்லை

1950-களிலிருந்தே லியோவுக்கு ஒரு கிருமித்தொற்று விடாமல் தொல்லை கொடுத்தது. இனி அதிக நாள் இருக்க மாட்டோம் என்று நினைத்து, 1965 ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். 600 டாலர் கடனில் ஆரம்பித்தவர். விதியைப் பாருங்கள், சில வருடங்களில் வேறொரு மருத்துவர் அந்த நோயைக் குணப்படுத்திவிட்டார். உடம்பு சரியாயிற்று, ஆனால் தன் பெயர் பொறித்த கம்பெனி தன் கையில் இல்லை.

பணம் இருக்கிறது, வீட்டில் உட்காரலாம் என்று அவர் நினைக்கவில்லை. விற்பனை ஒப்பந்தப்படி சில வருடம் போட்டித் தொழில் செய்யக்கூடாது. அந்தக் காலம் முடிந்ததும் மியூசிக் மேன் என்ற கம்பெனிக்கு கிட்டாரும் பேஸும் வடிவமைத்தார். 1976-ல் வந்த ஸ்டிங்ரே பேஸ் அங்கே செய்ததுதான். பிறகு பழைய கூட்டாளி ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனோடு ஜி அண்ட் எல் என்ற புதுக் கம்பெனியை ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது எழுபது! 1979-ல் மனைவி எஸ்தர் இறந்தார். மறு வருடம் ஃபிலிஸ் என்பவரை மணந்தார். பார்க்கின்சன் நோய் வந்து கை நடுங்க ஆரம்பித்தது. நடுங்கும் கையோடும் தினமும் வேலை மேசைக்கு வந்துகொண்டிருந்தார். 1991 மார்ச் 21 அன்று 81 வயதில் காலமானார். அதற்கு முதல் நாள் கூட வேலைக்குப் போயிருந்தார் என்கிறார்கள். 1992-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது. ஒரு பாட்டும் பாடாத, ஒரு கிட்டாரும் வாசிக்காத ஒருவரின் பெயர்!

எனக்கு அவர் கொடுத்தது

இதையெல்லாம் படித்த அடுத்த வாரம் லேபில் ஆம்ப்ளிஃபயர் சோதனை. இன்புட்டைக் கூட்டிக்கொண்டே போனேன். சி.ஆர்.ஓ. திரையில் ஸைன் அலையின் உச்சி மெல்லத் தட்டையாவதைப் பார்த்தேன். முன்பும் பார்த்ததுதான். அப்போது ரெக்கார்டில் வரைந்து கையெழுத்து வாங்க வேண்டிய ஒரு படம். இப்போது அந்தத் தட்டை உச்சியில் எனக்குக் கிட்டார் கேட்டது. பயாஸ் ஏன், ரெசிஸ்டர் மதிப்பு ஏன் என்று முதல் தடவையாக என் வாயால் கேட்டேன். எங்கள் சார் ஒரு மணி நேரம் நின்று சொல்லிக்கொடுத்தார். அரியரை எழுதினேன். 61 மார்க்கில் பாஸ்.

செமஸ்டர் விடுமுறையில் கடையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு அம்மா மிக்சியைக் கொண்டுவந்தார். அப்பா உடனே ஸ்குரூ டிரைவரை எடுக்கவில்லை. எப்போலேர்ந்து இப்படிம்மா, என்ன அரைக்கும்போது நின்னுச்சு, நாத்தம் வந்துச்சா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அதன் பிறகு காதுப்பக்கம் வைத்து ஓடவிட்டுக் கேட்டார். கடைசியில்தான் திறந்தார். சின்ன வயதிலிருந்து தினமும் பார்த்த காட்சி. அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த மேசைக்கு லியோவின் மேசையிலிருந்து தூரம் அதிகமில்லை. படிக்க வாய்ப்பு இல்லாததால் அப்பாவின் மேசை ரிப்பேரோடு நின்றுவிட்டது. எனக்கு வாய்ப்பு கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு ஊருக்கு ஓடிவர நினைத்தேனே என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. இந்த மலரை வாசித்துக் காட்டும்போது தெரிந்துகொள்ளட்டும்.

நண்பர்களே, டிப்ளமோதானே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மெக்கானிக் வேலைக்கா படிக்கிறே என்று கேட்கும் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு லியோ ஃபெண்டர் கதையைச் சொல்லுங்கள். பழுது என்று கொண்டுவந்து வைத்தால் முகம் சுளிக்காமல் என்ன குறை என்று கேளுங்கள். உங்கள் கையால் எதைச் செய்தாலும் பின்னால் வருகிறவன் திறந்து பார்க்க நாலு ஸ்குரூ வைத்துச் செய்யுங்கள்.

இந்த வருட விடுதி விண்ணப்பம் போன வாரம் கொடுத்தார்கள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் மிக்சி, ரேடியோ ரிப்பேர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து அறையில் இன்றைக்கும் ஃபேன் கத்துகிறதாம். கூப்பிடுகிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

— மூன்றாமாண்டு மாணவன்,
எலக்ட்ரானிக்ஸ் பிரிவு